பென்டிரைவில் வரும் ஆண்டு விழா

டிசம்பர் பிறந்தால் பள்ளிக்கூடங்களின் ஆசிரியர் அறையில் ஒரு கூட்டம் நடக்கும். ஆண்டு விழாவுக்கு என்னென்ன நிகழ்ச்சி வைப்பது என்று பேசுவார்கள். பேச்சு கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். வகுப்புக்கு ஒரு சினிமாப் பாட்டு என்று பிரித்து, வெளியிலிருந்து ஒரு டான்ஸ் மாஸ்டரைப் பேசி, உடை வாடகைக்கு யாரிடம் சொல்வது என்று முடிவானால் எழுந்து போய்விடலாம். யாராவது ஒருவர் தயங்கித் தயங்கி, "ஒரு நாடகம் போடலாமே" என்று சொன்னால் பதில் தயாராக இருக்கும். "நாடகமெல்லாம் எடுபடாதுங்க. பேரன்ட்ஸ் டான்ஸைத்தான் எதிர்பார்க்கிறாங்க. பிள்ளைங்களுக்கும் அதுதான் பிடிக்குது. எல்லாப் பிள்ளையும் மேடை ஏறணும்ல? அதுக்கும் மேல, வசனம் சொல்லிக் குடுக்க யாருக்கு நேரம் இருக்கு?"

முப்பத்தோரு வருடம் தமிழாசிரியராக இருந்தவன் நான். இந்தப் பதிலைக் கேட்காத வருடம் இல்லை. சொல்பவர்கள் கெட்டவர்கள் இல்லை. பாடத்தையும் பதிவேட்டையும் தேர்வையும் சுமந்துகொண்டு விழாவையும் சுமப்பவர்கள். ஆனாலும் அவர்கள் சொல்லும் ஒவ்வொரு காரணமும் தவறு என்றுதான் நினைக்கிறேன். அதை ஒவ்வொன்றாகச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

அதற்கு முன் ஒன்றைத் தெளிவுபடுத்திவிட வேண்டும். சினிமாப் பாட்டு என்றாலே முகம் சுளித்து, பரதநாட்டியமும் பக்திப் பாட்டும்தான் பள்ளி மேடைக்கு ஏற்றவை என்று சொல்லும் ஒரு கூட்டம் இருக்கிறது. எனக்கு அவர்களோடு உறவில்லை. ஐந்து வயதுப் பிள்ளையைக் காதல் பாட்டுக்கு இடுப்பை அசைக்கவிடுவது தவறுதான். அதை மறுக்க மாட்டேன். ஆனால் என் புகார் அந்த இடத்தில் இல்லை. நல்ல பாட்டாகவே தேர்ந்தெடுத்தாலும், பாரதியார் பாட்டையே தேர்ந்தெடுத்தாலும், பென்டிரைவில் வந்த டிராக்குக்குப் பிள்ளைகள் கைகால் அசைப்பதுதான் விழா என்றால் என் புகார் அப்படியே நிற்கும். கரகாட்டத்துக்கும் இது பொருந்தும். பிளாஸ்டிக் செம்பைத் தலையில் ஒட்டவைத்து, நையாண்டி மேளத்தை ஸ்பீக்கரில் ஓடவிட்டு, 'கிராமியக் கலை' என்று நிகழ்ச்சி நிரலில் போட்டுக்கொண்டால் அதுவும் டிராக் நடனம்தான்.

மூன்று மணி நேர விழாவில் பிள்ளையின் சொந்தக் குரல் எங்கெல்லாம் கேட்கிறது என்று கணக்குப் பாருங்கள். வரவேற்புரை, நன்றியுரை, இடையில் இரண்டு பேர் தொகுத்து வழங்குவது. எழுதிக்கொடுத்ததை ஒப்பிக்கும் நாலைந்து பேர். மற்ற முந்நூறு, நானூறு பிள்ளைகளும் வாயைத் திறக்காமல் மேடையேறி வாயைத் திறக்காமல் இறங்கிவிடுகிறார்கள். பாடுவது ஒரு பின்னணிப் பாடகர். அசைவைக் கற்பனை செய்தது எங்கோ ஒரு நடன இயக்குநர். அதைப் பார்த்து எடுத்துக் கொடுத்தவர் டான்ஸ் மாஸ்டர். பிள்ளையினுடையது என்று சொல்ல அந்த நான்கு நிமிடத்தில் என்ன இருக்கிறது?

விழாவின் தொடக்கத்தில் பாடும் தமிழ்த்தாய் வாழ்த்தை 2021 டிசம்பரில் தமிழ்நாட்டின் மாநிலப் பாடலாக அரசு அறிவித்தது. அந்த ஆணையில், இசைத்தட்டை ஓடவிடுவதைத் தவிர்த்து, பயிற்சி பெற்றவர்களைக் கொண்டு வாய்ப்பாட்டாகவே பாடவேண்டும் என்றும் சொல்லியிருந்தது. 55 வினாடிப் பாடல் அது. அந்த 55 வினாடியில் மனிதக் குரல் இருக்கவேண்டும் என்று ஒரு மாநில அரசு ஆணை போட நேர்ந்தது. அதற்குப் பிறகு வரும் மூன்று மணி நேரத்தைப் பற்றி நாம் யாரும் கேட்கவில்லை.

"பிள்ளைகளுக்குப் பிடிக்கிறது" என்ற காரணத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன். பிள்ளைகளுக்கு ஆட்டம் பிடிக்கும், உண்மை. கல்யாண வீட்டில், கோயில் கொடையில், மேளம் கேட்ட இடத்தில் அவர்கள் ஆடுவதைப் பார்த்திருக்கிறோம். கால் போன போக்கில், ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு, சிரித்துக்கொண்டு ஆடுவார்கள். அதே பிள்ளைகளை ஆண்டு விழா மேடையில் பாருங்கள். கண்கள் கூட்டத்தின் மேல் இருக்காது. மேடைக்குக் கீழே, முன்வரிசைக்கும் மேடைக்கும் நடுவில், ஒரு டீச்சர் நின்று அதே அசைவுகளைச் செய்துகாட்டிக்கொண்டிருப்பார். பிள்ளைகள் அவரைப் பார்த்தபடியே ஆடுவார்கள். அந்த முகங்களில் இருப்பது மகிழ்ச்சி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அடுத்த ஸ்டெப்பை விட்டுவிடுவோமோ என்ற பயம்தான் எனக்குத் தெரிகிறது.

நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில், எட்டாம் வகுப்பு நடனத்தின் நடுவில் பாட்டு நின்றுவிட்டது. கம்ப்யூட்டரில் ஏதோ கோளாறு. இருபத்திநான்கு பிள்ளைகள், ஒரு கையைத் தூக்கிய நிலையில் அப்படியே நின்றார்கள். யாரும் தொடர்ந்து ஆடவில்லை. ஒருவர்கூடப் பாட்டை எடுத்துப் பாடவில்லை. அந்தப் பாட்டின் ஒவ்வொரு வரியும் அவர்கள் அத்தனை பேருக்கும் மனப்பாடம். ஒரு நிமிடத்துக்கு மேல் அப்படியே நின்றுவிட்டு, டான்ஸ் மாஸ்டர் கைகாட்டியதும் வரிசையாக இறங்கிப்போனார்கள். மறுநாள் வகுப்பில், "ஏம்ப்பா நீங்களே பாடி ஆடியிருக்கலாமே?" என்று கேட்டேன். ஒரு பெண் எழுந்து, "பாடலாமா சார்?" என்று கேட்டாள். பாட அனுமதி உண்டு என்பதே அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. நாற்பது நாள் ஒத்திகையில் நாங்கள் அவளுக்குக் கற்றுக்கொடுத்தது அதைத்தான்.

பிள்ளைகளுக்குப் பிடித்தது எது என்று நாம் முடிவு செய்யும் முறையும் சரியில்லை. அவர்கள் பார்த்தது ஒன்றே ஒன்றாக இருக்கும்போது, எது வேண்டும் என்று கேட்டால் அதைத்தான் சொல்வார்கள். வில்லுப்பாட்டைக் காதால் கேட்டிராத பிள்ளை வில்லுப்பாட்டைக் கேட்குமா?

அடுத்தது பெற்றோர். அவர்கள் நடனத்தைத்தான் எதிர்பார்க்கிறார்கள் என்கிறார்கள். விழா நடக்கும் மைதானத்தில் கடைசி வரிசைக்குப் பின்னால் போய் அரைமணி நேரம் நின்றால் இது எவ்வளவு பொய் என்று தெரிந்துவிடும். தன் பிள்ளையின் வகுப்பை அழைக்கும்போது ஒரு குடும்பம் எழுந்து முன்னால் ஓடும். போனைத் தூக்கிப் பிடிக்கும். பாட்டு முடிந்ததும் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வாசலைப் பார்த்து நடக்கும். எட்டரை மணிக்குப் பாதி நாற்காலி காலி. நடனத்தை ரசிக்க வந்தவர்கள் என்றால் அடுத்த வகுப்பின் நடனத்தையும் பார்க்க உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் வந்தது தங்கள் பிள்ளையைப் பார்க்க. அந்தப் பிள்ளை மேடையில் எதைச் செய்தாலும் பார்ப்பார்கள். நடனம் வேண்டும் என்று பெற்றோர் யாரும் மனுக் கொடுத்ததாக என் அனுபவத்தில் இல்லை. நாமே முடிவு செய்துவிட்டு அதற்கு அவர்கள் பேரை வைத்திருக்கிறோம்.

ஒரு வருடம், ஏழாம் வகுப்புப் பிள்ளைகளோடு எங்கள் ஊர் ஊருணியின் கதையை வில்லுப்பாட்டாகச் செய்தோம். அந்த ஊருணி இருந்த இடத்தில் இப்போது பேருந்து நிற்கிறது. கதை புத்தகத்தில் இல்லை. பிள்ளைகள்தான் ஒரு வாரம் தெருத்தெருவாகப் போய், தாத்தா பாட்டிகளிடம் கேட்டு எழுதிவந்தார்கள். யார் வெட்டியது, எந்தத் தெருக்காரர்கள் எந்தப் படித்துறையில் இறங்கினார்கள், எந்தத் தெருக்காரர்களை இறங்கவிடவில்லை, எந்த வருடம் கடைசியாக நிறைந்தது என்று எல்லாம் வந்தது. 'இறங்கவிடவில்லை' என்ற பகுதியை வைப்பதா வேண்டாமா என்று ஆசிரியர் அறையில் ஒரு பெரிய விவாதமே நடந்தது. பிள்ளைகள் வைக்கவேண்டும் என்றார்கள், வைத்தோம்.

விழா அன்று, கடைசியாக ஊருணி நிறைந்த வருடத்தைப் பாடும் இடத்தில், கூட்டத்திலிருந்து ஒரு பெரியவர் எழுந்து, "அது தப்பு தாயீ, அதுக்கு அடுத்த வருஷமும் நெறைஞ்சுச்சு" என்று சத்தமாகச் சொன்னார். பாடிக்கொண்டிருந்த பெண் திகைத்துப் போனாள். பக்கத்தில் ஆமா போட்டுக்கொண்டிருந்த பையன்தான், "ஆமா, தாத்தா சொன்னாச் சரியாத்தான் இருக்கும்" என்று இழுத்துச் சொல்லி, வீசுகோலால் வில்லைத் தட்டச்சொல்லிக் கண்ணைக் காட்டினான். கதை தொடர்ந்தது. அன்று யாரும் பாதியில் எழுந்து போகவில்லை. போனைத் தூக்கியவர்களும் குறைவு. அவர்கள் காதுகொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தப் பையன் சொன்ன வரி நாங்கள் எழுதியது இல்லை. முப்பத்தோரு வருட ஆண்டு விழாக்களில் எனக்கு இன்றும் நினைவிருக்கும் ஒரு வரி அதுதான்.

"எல்லாப் பிள்ளைக்கும் வாய்ப்பு" என்பது கேட்க நியாயமாக இருக்கும் காரணம். இதில் கொஞ்சம் உண்மையும் உண்டு. கூச்சப்படும் பிள்ளை ஒருவன், இருபது பேரோடு ஒருவனாக நின்று ஆடும்போது முதல் தடவையாக மேடையின் வெளிச்சம் பழகுகிறான். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த இருபது பேரை எப்படி நிறுத்துகிறோம்? நிறமாக, களையாக இருக்கும் பிள்ளை முன்வரிசை நடுவில். 'ஸ்டெப் வராத' பிள்ளை பின்வரிசை ஓரத்தில். இதை எந்த ஆசிரியரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. பிள்ளைகள் அத்தனை பேருக்கும் இது தெரியும். ஏழு வயதில் ஒரு பெண் குழந்தை தன் நிறத்தைப் பற்றிய தீர்ப்பை ஆண்டு விழா ஒத்திகையில் தெரிந்துகொள்கிறாள் என்றால், அதற்கு வாய்ப்பு என்று பெயர் வைக்கக் கூடாது.

உடைப் பணம் இன்னொன்று. ஒரு நாள் போடும் ஜிகினா உடைக்கு வாடகை எண்ணூறு ரூபாய் கேட்டார்கள் என்று சொல்லி, ஒரு தாய் என்னிடம் வந்து அழுதார். அந்த வீட்டில் இரண்டு பிள்ளைகள் ஒரே பள்ளியில். விழாவன்று இரண்டு பேருக்கும் காய்ச்சல் என்று கடிதம் வந்தது. எத்தனை வீடுகளில் விழா நாளில் இப்படிக் காய்ச்சல் வருகிறது என்பதை வருகைப் பதிவேட்டைப் புரட்டினால் எந்த ஆசிரியரும் சொல்லிவிடலாம். வில்லுப்பாட்டுக்கு நாங்கள் செலவழித்தது ஒரு மூங்கில், ஒரு மண்பானை, கொஞ்சம் கயிறு, சலங்கை. பிள்ளைகள் வீட்டில் இருந்த வேட்டியும் பாவாடையும் கட்டிவந்தார்கள்.

நாடகத்தில் எல்லாருக்கும் இடம் கிடைக்காது என்பதும் நாமாகக் கற்பித்துக்கொண்டது. வசனம் பேசுபவர்கள் எட்டுப் பேராக இருக்கலாம். காடாக, கடலாக, சந்தைக் கூட்டமாக, சேர்ந்து பாடும் குழுவாக நாற்பது பேர் வேண்டும். தப்பட்டை அடிக்க, முகமூடி செய்ய, கதை எழுத, திரை இழுக்க ஆள் வேண்டும். படம் வரையும் பிள்ளைக்கும், கணக்கில் கெட்டிக்காரனுக்கும், சத்தம் போட்டதற்காக வருடம் முழுக்க அடிவாங்கியவனுக்கும் அதில் வேலை இருக்கிறது. நடனத்தில் இருப்பது ஒரே வேலை. அது வராதவனுக்குப் பின்வரிசை.

இனி, அவர்கள் சொல்லும் மற்ற மூன்று காரணங்கள்: வசனம் மனப்பாடம் ஆகாது, நேரம் இல்லை, பின்வரிசைக்குக் கேட்காது. பிள்ளைகளுக்கு வசனம் வராது என்பதைத் தமிழ் நாடக வரலாறு தெரிந்த யாரும் சொல்ல முடியாது. சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் சிறுவர்களை மட்டும் வைத்துத் தத்துவ மீனலோசனி வித்துவ பாலசபை என்ற குழுவைத் தொடங்கினார். அந்த வருடம் அதில் சேர்ந்த தி.க. சண்முகத்துக்கு வயது ஆறு. விடிய விடிய நடக்கும் புராண நாடகங்களை, பாட்டும் வசனமுமாக, இந்தச் சிறுவர்கள் ஊர் ஊராக நடித்தார்கள். அந்த நாடகக் கம்பெனிகளில் பிள்ளைகள் பட்ட அடியும் பட்டினியும் எனக்குத் தெரியும். அந்தக் காலம் திரும்பி வரவேண்டாம். நான் சொல்வது ஒன்றுதான்: பிள்ளையின் நினைவாற்றலைக் குறைத்து எடைபோடாதீர்கள். சண்முகம் நடிக்கவேண்டும் என்பதற்காகவே சுவாமிகள் ஒரே இரவில் 'அபிமன்யு சுந்தரி'யை எழுதினார் என்பது நாடகக்காரர்கள் திரும்பத் திரும்பச் சொல்லும் செய்தி. கையில் இருக்கும் பிள்ளைக்கு ஏற்ற நாடகத்தை எழுதுவதுதான் முறை என்பதை நாம் அவரிடம் கற்றுக்கொள்ளலாம்.

நேரம் இல்லை என்பவர்கள், நடன ஒத்திகைக்கு எத்தனை பி.டி. பீரியட் போனது என்று எண்ணிப்பார்க்கட்டும். நாற்பது நாள் ஒரே பாட்டை ஓடவிட்டு ஆடுவதற்கு நேரம் இருக்கிறது. நாடகத்துக்கான நேரமோ பாடவேளைக்குள்ளேயே இருக்கிறது. 2019இல் வந்த பத்தாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தில் 'நிகழ்கலை' என்றே ஓர் உரைநடைப் பாடம் உண்டு. அதே இயலில் சா. கந்தசாமியின் 'பாய்ச்சல்' கதையும் உண்டு. தெருவில் அனுமார் வேடம் போட்டு ஆடுகிறவரைப் பார்த்துப் பார்த்து, அவர் பின்னாலேயே போய், அந்த ஆட்டத்தைத் தனக்குள் வாங்கிக்கொள்ளும் ஒரு பையனின் கதை. இதைவிடப் பள்ளி மேடைக்குப் பொருத்தமான கதை என் கண்ணில் படவில்லை. அந்தப் பாடத்தில் கேள்வி கேட்டு மதிப்பெண் போட்டுவிட்டு, மாலையில் அதே பிள்ளைகளை டிராக்குக்கு ஆடச் சொல்கிறோம்.

பின்வரிசைக்குக் கேட்காது என்பது உண்மையான சிக்கல். இதற்குச் சில பள்ளிகள் கண்டுபிடித்திருக்கும் வழி, வசனத்தை முன்கூட்டியே பதிவுசெய்து மேடையில் பிள்ளைகளை வாயசைக்கவைப்பது. நோயைவிட மருந்து மோசம் என்பதற்கு வேறு எடுத்துக்காட்டு வேண்டாம். மேடையை விட்டு இறங்குங்கள். தெருக்கூத்து தரையில் நடக்கிறது. மட்டக்களப்புக் கூத்துக்கு வட்டக்களரி. சுற்றிலும் மக்கள், நடுவில் ஆட்டம். ஆயிரம் நாற்காலி போட்ட ஒரு பெரிய விழாவுக்குப் பதில், வகுப்புவாரியாக, மரத்தடியில், மாலை வெயிலில், நூறு பெற்றோருக்கு முன்னால் ஒரு சிறு விழா வைத்தால் மைக்கே வேண்டாம். பெரிய மேடைதான் வேண்டும் என்றால் வில்லுப்பாட்டுக்கு இரண்டே மைக் போதும். எல்லாரும் உட்கார்ந்துதானே பாடுகிறார்கள்.

இங்கே எதிர்த்தரப்புக்கு ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். பள்ளி நாடகங்கள் எடுபடாமல் போனதற்கு நாங்களும் காரணம். பெரியவர்களாகிய நாங்கள் உட்கார்ந்து, மரம் வளர்ப்போம், பிளாஸ்டிக் ஒழிப்போம், குடி குடியைக் கெடுக்கும் என்று எழுதிக்கொடுத்தோம். ஒரு பிள்ளை நடுவில் வந்து கையை நீட்டி அறிவுரை சொல்லும், மற்றவர்கள் திருந்துவார்கள், திரை விழும். பார்த்தவர்கள் கொட்டாவி விட்டதில் வியப்பில்லை. குழந்தைகளுக்கான நாடகம் என்பது அறிவுரைக்குப் போட்ட வேடம் இல்லை. புதுச்சேரியிலிருந்து வேலு சரவணன் தன் 'கடல் பூதம்' நாடகத்தைப் பள்ளிக்கூடங்களுக்குக் கொண்டுபோய்க் காட்டினார். அதைப் பார்க்கிற பிள்ளைகள் கத்துவதையும், பூதத்தோடு பேசுவதையும், இடத்தை விட்டு எழுந்து ஓடுவதையும் பார்த்தவர்கள், பிள்ளைகளுக்கு நாடகம் பிடிக்காது என்று மறுபடி சொல்லமாட்டார்கள்.

யாழ்ப்பாணத்தில் குழந்தை ம. சண்முகலிங்கம் 'கூடி விளையாடு பாப்பா' போன்ற நாடகங்களைப் பள்ளிப் பிள்ளைகளுக்காக எழுதினார். இலங்கைப் பள்ளிகளில் நாடகமும் அரங்கியலும் தேர்வெழுதிப் படிக்கும் பாடமாகவே இருக்கிறது. அதற்கென்று ஆசிரியர்கள் இருக்கிறார்கள். போர் நடந்த மண்ணில் அதைக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். நமக்கு இங்கே என்ன தடை?

வில்லுப்பாட்டைத் திரும்பத் திரும்பச் சொல்வதற்கு நான் தென்மாவட்டத்துக்காரன் என்பது மட்டும் காரணம் இல்லை. பள்ளிக்கூடத்துக்கு அதன் அமைப்பு அப்படிப் பொருந்துகிறது. தலைமைப் பாடகருக்குக் கையில் வீசுகோல். முன்னால் மணி கட்டிய வில். குடம் அடிக்க ஒருவர், உடுக்கை ஒருவர், தாளம் ஒருவர், கட்டை ஒருவர். ஆமா போட ஒருவர். தொடக்கத்தில் அவையடக்கம், முடிவில் வாழி. கேள்வி கேட்கவும் கிண்டல் பண்ணவும் ஆமா போடுபவருக்கு முழு உரிமை உண்டு. வகுப்பில் கேள்வி கேட்டதற்காக உட்காரச் சொல்லப்பட்ட பிள்ளைக்கு இதைவிடப் பொருத்தமான வேடம் கிடையாது. கோயில் கொடையில் இரவெல்லாம் பாடிய இந்தக் கலையில் காந்தி கதையையும் பாட முடியும் என்று கலைவாணரும் கொத்தமங்கலம் சுப்புவும் காட்டினார்கள். 2022இல் காலமான சுப்பு ஆறுமுகம் வாழ்நாள் முழுவதும் புதுக் கதைகளை அதில் ஏற்றிக்கொண்டே இருந்தார். ஊருணியையும் ஏற்றலாம், ஊரின் பேருந்தையும் ஏற்றலாம், சத்துணவு சமைக்கும் ஆயாவின் கதையையும் ஏற்றலாம்.

வில்லுப்பாட்டே வேண்டும் என்று நான் அடம்பிடிக்கவில்லை. ஒரு வகுப்பு நாடகம் போடட்டும், ஒரு வகுப்பு கூட்டாகப் பாடட்டும், ஒரு வகுப்பு தாங்களே தப்பட்டை அடித்து ஒயிலாட்டம் ஆடட்டும், ஒரு பிள்ளை தனியாக நின்று கதை சொல்லட்டும். சினிமாப் பாட்டுத்தான் வேண்டும் என்று பிள்ளைகள் கேட்டால் அதையும் கொடுங்கள்; பாடுவது அவர்களாக இருக்கட்டும், அசைவுகளை அமைப்பதும் அவர்களாக இருக்கட்டும். சுருதி விலகும், தாளம் தப்பும், யாராவது வரியை மறப்பார்கள். மறக்கட்டும். பக்கத்தில் நிற்கும் பிள்ளை எடுத்துக்கொடுக்கும்.

தலைமையாசிரியர்களிடமும் தாளாளர்களிடமும் நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. இந்த டிசம்பர் கூட்டத்தில் நிகழ்ச்சிகளைப் பட்டியலிடும்போது, ஒவ்வொன்றுக்கும் நேராக, "இதில் பிள்ளையின் குரல் கேட்குமா?" என்று ஒரு கட்டம் போடுங்கள். எல்லாக் கட்டமும் காலியாக இருந்தால், சிறப்பு விருந்தினர் பேச்சிலிருந்து இருபது நிமிடத்தை எடுத்து ஒரு வகுப்புக்குக் கொடுங்கள். டான்ஸ் மாஸ்டர் வேண்டாம், டிராக் வேண்டாம், வாடகை உடை வேண்டாம். ஒரு தமிழாசிரியரும் நாற்பது பிள்ளைகளும் போதும். இந்த வருடமே செய்யுங்கள்.